பதினாறு அங்குல டயரின் பன்னா

1973 ஆகஸ்டு ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு இருபதுக்கு இது தொடங்கியது. வானொலியில் ஏழேகால் செய்தி பாதி முடிந்திருந்ததால் நேரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. அப்பா ஒரு தாளை என்னிடம் நீட்டிப் படித்துச் சொல்லும்படி கேட்டார். அவருக்கு ஆங்கில எண்கள் தெரியும். எண்களுக்கு இடையில் இருப்பவை தெரியாது. நான் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். எண்களுக்கு இடையில் இருப்பவை என் பொறுப்பு என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

அது மவுண்ட் ரோடில் ஒரு டயர் கடை கொடுத்த விலைச்சீட்டு. முந்தின நாள் எங்கள் டிரைவர் வாங்கி வந்தது. பிக்கப் வண்டிக்கு நான்கு டயர்கள், பதினாறு அங்குலம், விலை. சரக்கு திங்கட்கிழமைதான் வரும் என்று அடியில் ஒரு வரி. நான் எல்லாவற்றையும் படித்தேன். விலையைப் படித்தபோது அப்பா இட்லியைப் பிட்ட கையை அப்படியே வைத்திருந்தார்.

தியாகராய நகரில் எங்களுக்கு ஒரு துணிக்கடை இருந்தது. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தொடங்கியது. லாரி செட்டுகளிலிருந்து துணிப் பேல்களை ஏற்றி வர முதலில் ஒரு சின்ன வேன் வைத்திருந்தோம். அதற்குப் பதினான்கு அங்குலச் சக்கரம். அந்த ஆண்டு சித்திரையில் அதை விற்றுவிட்டு, பின்பக்கம் திறந்த பெரிய பிக்கப் ஒன்றைப் பழைய வண்டியாகவே வாங்கினார். வேனின் டயர் ஒன்று மட்டும் எங்கள் வீட்டுக் கொல்லையில் தங்கிவிட்டது. அதற்குள் மண் நிரப்பிக் கனகாம்பரம் வைத்திருந்தோம்.

சென்ற ஆண்டு வேனுக்கு டயர் வாங்கிய விலை எனக்கு நினைவிருந்தது. அதையும் நான்தான் படித்துக்காட்டியிருந்தேன்.

"பதினாலுக்குப் பதில் பதினாறு. ஏழுல ஒரு பங்குதான் அதிகம்ப்பா. ஆனா விலை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கா இருக்கு. பொருந்தலையே" என்றேன்.

அப்போது எனக்கு இருபது வயது. ஒரு வரி மற்ற வரிகளோடு பொருந்தவில்லை என்று கண்டுபிடிப்பதற்காக வகுப்பில் என்னைப் பாராட்டுவார்கள். அதே குரலில்தான் இதையும் சொன்னேன். சொன்ன பிறகு கொஞ்சம் சட்னி கேட்டதாகவும் நினைவு.

அப்பா கையைக் கழுவிவிட்டுக் கடையின் அளவு நாடாவை எடுத்து வந்தார். முதலில் கொல்லைக்குப் போய்க் கனகாம்பரத்தை ஒரு பக்கமாக ஒதுக்கி, பழைய டயரைச் சுற்றி நாடாவைப் பிடித்தார். எழுபத்தேழு அங்குலம். பிறகு வாசலில் நின்ற பிக்கப்புக்குப் போய்ப் பின்சக்கரத்தைச் சுற்றிப் பிடித்தார். மேலே மட்கார்டு இடித்ததால் இரண்டு முறை அளக்க வேண்டியிருந்தது. தொண்ணூறு. நான் இரண்டையும் விலைச்சீட்டின் பின்புறம் எழுதினேன். ஆறில் ஒரு பங்கு அதிகம்.

"ஆறுல ஒண்ணு நீளம் கூடுனா ஆறுல ஒண்ணு வெல கூடலாம். அதுக்கு மேல கூடுதது எங்க போகுது?" என்றார்.

கேள்வி என்னிடம் கேட்கப்பட்டதல்ல. மணப்பெண் வீட்டாரைக் கடைக்கு அழைத்து வரும் தையல்காரர்களுக்கு நாங்களே கமிஷனாக ஒரு பங்கு கொடுப்பதுண்டு. டயர் வியாபாரத்தில் அந்தப் பங்கு யாருக்குப் போகும் என்று அப்பா யோசிக்கவேண்டியிருக்கவில்லை. வேறொரு கடையில் விலை விசாரிக்கலாமே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். எல்லாக் கடையும் ஒரே விலைதான் சொல்லும், ஏனென்றால் எல்லாக் கடைக்கும் டிரைவர்கள்தான் போகிறார்கள் என்றார். ஒரு பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அதன் விலையை அவர் ஒப்புக்கொண்டதேயில்லை.

டிரைவர் எங்களிடம் பதினோரு ஆண்டுகளாக இருந்தார். மழைக்காலங்களில் என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவந்தவர் அவர்தான். நான் சொன்ன ஒரு வாக்கியம் அரை மணி நேரத்தில் எங்கே வந்து நின்றிருக்கிறது என்பது, அப்பா பீரோவைத் திறந்து புதிய எட்டு முழ வேட்டி ஒன்றை எடுத்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

வேட்டியை விளக்க வேண்டும். எங்கள் கடையில் யாரையும் வேலையை விட்டுப் போ என்று சொல்லும் வழக்கமில்லை. அப்பாவுக்கு அது நாகரிகமாகத் தெரியாது. ஒருவர் வேண்டாம் என்று முடிவானால், அவரை வீட்டுக்கு அழைத்து, ஒரு புது வேட்டியும் ரயில் கட்டணமும் கொடுத்து, கொஞ்ச நாள் ஊருக்குப் போய் இருந்துவிட்டு வரச் சொல்வார். கடை ஆட்கள் எல்லோரும் அப்பாவின் மாவட்டத்துக்காரர்கள். அவர்களுக்கு அதன் பொருள் தெரியும். மறுபேச்சில்லாமல் டிரங்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அன்றைய ரயிலில் போய்விடுவார்கள். யாரும் திரும்பி வந்ததில்லை. யாரையும் யாரும் திட்டியதுமில்லை. நான் அதுவரை மூன்று வேட்டிகள் பார்த்திருந்தேன்.

டிரைவர் பட்டினப்பாக்கத்துக்காரர். அங்கேயே பிறந்து அங்கேயே கல்யாணம் செய்துகொண்டவர். எட்டரை மணிக்கு அவர் வந்தபோது அப்பா வேட்டியையும் உறையையும் கொடுத்தார்.

"நீ கொஞ்ச நாளு ஊருக்குப் போயி இருந்துட்டு வாப்பா."

டிரைவர் வேட்டியைப் பார்த்தார். உறைக்குள் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"எவ்ளோ நாளு மொதலாளி?"

இந்தக் கேள்வியை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. அப்பா நாட்காட்டியை ஒருமுறை பார்த்தார்.

"சொல்லி அனுப்புதேன்" என்றார்.

டிரைவர் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுக் கும்பிட்டார். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"ஊர்லேர்ந்து எதுனா எடுத்தாரட்டுமா மொதலாளி?"

"ஒண்ணும் வேண்டாம்."

நான் கல்லூரிக்குப் புறப்பட்டேன். அன்று காலை நடந்த இரண்டு வகுப்புகளில் என்ன நடத்தினார்கள் என்று என் குறிப்பேட்டில் இருக்கிறது, எனக்கு நினைவில்லை.

பகல் ஒரு மணிக்கு வகுப்பு முடிந்தது. லஸ் முனையில் பேருந்துக்காக நின்றபோது, "இன்னா பாப்பா, காலேஜ் வுட்டாங்களா?" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. டிரைவர். புது வேட்டியைக் கட்டியிருந்தார். அதன் மடிப்பு இன்னும் கலையவில்லை. கையில் ஒரு காகிதப் பை. அதைப் பிரித்து, குழந்தையின் மஞ்சள் சட்டை ஒன்றைக் காட்டினார். மூன்று வருடமாகத் தள்ளிப்போட்ட வேண்டுதல், வெள்ளிக்கிழமை திருவான்மியூர் கோயிலில் சின்னவனுக்கு முடி இறக்கப் போகிறார்கள், மச்சானுக்கும் மாமியாருக்கும் சொல்லியாகிவிட்டது, வேலை இருக்கும்போது வெள்ளிக்கிழமை எங்கே கிடைக்கிறது என்றார்.

எங்கள் கடையிலேயே வாங்கியிருக்கலாமே என்றேன்.

"நம்ம கடையில வாங்கினா மொதலாளி துட்டு வாங்க மாட்டாரு பாப்பா. காலைல வேட்டி குடுத்துக்கிறாரு, ஊருக்குப் போவ பஸ்ஸுக்குத் துட்டு குடுத்துக்கிறாரு. அதுக்கு மேல போயி இன்னா கேக்கறது? பதினோரு வருசத்துல இதான் மொத லீவு."

சொல்வதற்கு ஒரே ஒரு செய்திதான் என்னிடம் இருந்தது. பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி அதைச் சொல்ல முடியாது.

அவராகவே வண்டியைப் பற்றிப் பேசினார். தான் இல்லாதபோது வேறு யாரையும் வண்டியைத் தொட விடக்கூடாது, முதலாளியிடம் நான்தான் சொல்ல வேண்டும். பின் டயர் இரண்டும் போய்விட்டன.

"நூலு தெரியுது பாப்பா. லோடு வெச்சிக்கினு பிரேக் அடிச்சா அவ்ளோதான்."

"நூலா?"

"ஆமா. டயருக்குள்ள நூலுதான். மேல தேஞ்சிபோச்சின்னா தெரியும்."

டயருக்குள் நூல் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது என்று நினைத்தேன். அவருக்குத் தெரிந்திருந்தால் காலையில் வேறு மாதிரி அளந்திருப்பார். வெட்டிய டயரை எங்கே பார்க்கலாம் என்று கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. ராயப்பேட்டையில், தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் போட்டுக் கொடுக்கும் ஒரு ரீட்ரெடிங் செட்டுக்கு வழி சொன்னார். தன் பெயரைச் சொன்னால் உட்கார ஸ்டூல் போடுவான் என்றார்.

ஸ்டூல் போடவில்லை. தகரக் கொட்டகை. உள்ளே கந்தகமும் வெந்த ரப்பரும் கலந்த வாசனை. முழங்கை வரை கறுத்த ஒருவர் ஒரு டயரை ராவிக்கொண்டிருந்தார். செட் அவருடையதுதான். பதினான்கு அங்குல டயரில் ஒரு துண்டும் பதினாறு அங்குல டயரில் ஒரு துண்டும் குறுக்காக வெட்டியது வேண்டும் என்றேன். புடவை கட்டி, கையில் கவிதைத் தொகுப்பு வைத்திருந்த ஒருத்தி இதைக் கேட்டதில் அவர் வேலையை நிறுத்தினார்.

"இன்னாம்மா, சயின்சு எக்சிபிசனா?"

"இல்லை. இலக்கியம்."

அவர் இன்னொரு முறை என்னைப் பார்த்தார். பிறகு செருப்புக்கு அடி போடுகிறவர்களுக்கு விற்பதற்காக ஒரு மூலையில் குவித்திருந்த கழிவு டயர்களில் தேடி, இரண்டு பெரிய வில்லைகளை வெட்டி எடுத்து வந்தார். ஒவ்வொன்றும் ஒரு குதிரை லாடத்தின் வடிவில் இருந்தது. வெட்டுவாயில் கறுப்பு ரப்பருக்கு நடுவே வெளிறிய கோடுகள் ஓடின.

ஏன் ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு விலை என்று கேட்டேன். அவர் கறுத்த விரலால் கோடுகளைத் தொட்டு எண்ணினார். சின்னதில் நான்கு. பெரியதில் ஆறு.

"இது நாலு பிளை, அது ஆறு பிளை. பிளைன்னா துணிம்மா, அடுக்கு அடுக்கா. ரப்பரு தேயறதுக்கு, துணி சொமக்கறதுக்கு. இது நாலு ஆள சொமக்கும். அது மூட்டைய சொமக்கணும்."

அது மட்டும் போதாது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். மீண்டும் ராவத் தொடங்கியபடி மீதியைச் சொன்னார். பெரிய டயருக்கு அதை வார்க்கும் அச்சும் பெரிது, ரப்பர் வேகும் நேரமும் அதிகம், விளிம்பில் ஓடும் கம்பியும் தடிமன். சின்னதைக் கார்க்காரர்கள் எல்லோரும் வாங்குகிறார்கள். பெரியதை வாங்க ஊரில் எத்தனை பிக்கப் இருக்கிறது? அச்சுக்கு ஆன செலவை அந்தச் சில பேர் தலையில்தான் கட்ட வேண்டும்.

துண்டுகளுக்குக் காசு வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். அவற்றைக் கவிதைத் தொகுப்போடு ஒரே பையில் வைத்தேன். தேர்வு முடியும் வரை அந்தப் புத்தகத்தில் வெந்த ரப்பரின் வாசனை இருந்தது.

நான் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நான்கரை. கூட்டம் தொடங்கும் நேரம். அப்பா ஒரு மயிலாப்பூர் மாமிக்கு ரவிக்கைத் துணி காட்டிக்கொண்டிருந்தார். இரண்டு துணிகளில் விலை குறைந்ததை அந்த மாமி தொட்டபோது, "அதுல பன்னா கம்மிம்மா" என்றார். பன்னா என்றால் துணியின் அகலம். பன்னா கேட்காமல் மீட்டர் விலை கேட்கிறவர்களைப் பற்றி அப்பா வீட்டில் வந்து வருத்தத்தோடு பேசுவதுண்டு.

நான் செய்தித்தாளைப் பிரித்து இரண்டு வில்லைகளையும் பலகையில், ரவிக்கைத் துணிகளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது வேன் டயர். இது பிக்கப் டயர். உள்ளே துணி இருக்குப்பா" என்றேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. துணி என்ற சொல்லுக்குப் பிறகு அவர் வில்லைகளை மட்டுமே பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கோடுகளை எண்ணினார். ஒருமுறை எண்ணிவிட்டு மறுபக்கத்திலிருந்து எண்ணினார். பிறகு கத்தரிக்கோல் முனையால் சின்ன வில்லையிலிருந்து ஓர் இழையை உருவி, ஒட்டியிருந்த ரப்பரைச் சுரண்டி, முறுக்கைப் பிரித்தார். தீக்குச்சி கிழித்து அதைக் கொளுத்தினார். புதிதாக வரும் எந்தத் துணியையும் அவர் இப்படித்தான் சோதிப்பார். இழை காகிதம்போல் எரிந்து சாம்பலானது. முகர்ந்து பார்த்து, "ரேயான்" என்றார். பெரிய வில்லையின் இழை எரியவில்லை. சுருங்கி, உருகி, நுனியில் கடுகளவு கட்டியாக நின்றது.

"நைலான்."

அந்த மாமி ரவிக்கைத் துணியை மறந்துவிட்டு இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்காத்து காருக்கு டயர் மாத்தறச்சேயும் இப்படித்தான் வெலை சொன்னா. நாங்க காரையே வித்துட்டோம்" என்றார்.

அப்பா அளவு நாடாவை எடுத்து, ஒவ்வொரு வில்லையையும் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை, வளைவோடு ஒட்டிப் பிடித்து அளந்தார். காலையில் அளக்காத அளவு அது. பெரியது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு அகலம் கூடுதல். விலைச்சீட்டின் பின்புறம் என்னை எழுதச் சொன்னார். நீளம் ஆறில் ஒன்று கூடுதல். பன்னா ஏழில் ஒன்று கூடுதல். அடுக்கு ஒன்றரை மடங்கு. மூன்றையும் பெருக்கினேன். இரண்டு மடங்கு வந்தது. இழையின் தரத்தையும் அச்சுச் செலவையும் நான் இன்னும் சேர்க்கவில்லை.

அப்பா நாடாவைச் சுருட்டினார். வழக்கத்தைவிட மெதுவாகச் சுருட்டினார்.

"கரைய மட்டும் அளந்துட்டு சேலைக்கு வெல பேசியிருக்கோம்."

"காலைல நான் சொன்னது தப்புப்பா."

"நானும் அளந்தேன்லா. முப்பது வருசமா பன்னா, பன்னான்னு சொல்லுத ஆளு."

மாமிக்கு விலை அதிகமான துணியை அளந்து கிழித்துக் கொடுத்து அனுப்பினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே அடுக்கியிருந்த வேட்டிக் கட்டுகளைப் பார்த்தார். அவருடைய சிக்கல் எனக்குத் தெரிந்தது. ஊருக்குப் போகச் சொல்வதற்கு எங்கள் கடையில் ஒரு முறை உண்டு. திரும்பி வரச் சொல்வதற்கு எந்த முறையும் இல்லை. அதுவரை தேவைப்பட்டதில்லை. மன்னிப்புக் கேட்டால், எதற்கென்று டிரைவர் கேட்பார். எதற்கென்று சொன்னால், பதினோரு ஆண்டுக்குப் பிறகு அவர் மனம் எப்படி இருக்கும் என்று அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"அவன் என்ன நெனச்சிருப்பான்?" என்றார்.

"லீவுன்னு நெனச்சிட்டு இருக்கார். லஸ்ஸில் பார்த்தேன். வேட்டி கட்டியிருந்தார்."

அப்பா நிமிர்ந்தார்.

"அவனுக்கு ஊரு எது?"

"பட்டினப்பாக்கம்."

"இங்கேருந்து போக எவ்வளவு நேரம் ஆகும்?"

"பஸ்ஸில் இருபது நிமிஷம்."

அவர் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"அப்ப போயி இருந்துட்டு வந்திருப்பான். நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லு" என்றார்.

அவ்வளவுதான். பெரிய வில்லையை எடுத்து மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். சின்னதை என்னிடம் கொடுத்துவிட்டார். நைலான் இழையின் உருகிய நுனியை விரல்களுக்கு நடுவே உருட்டியபடியே அடுத்த வாடிக்கையாளரை உட்காரச் சொன்னார்.

மறுநாள் காலை ஏழரைக்கே நான் பட்டினப்பாக்கத்தில் இறங்கினேன். டிரைவரின் வீடு கடலைப் பார்த்த வரிசையில் இருந்தது. அவர் வாசலில் குந்தி, ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பிரித்துப்போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உறவினர்களுக்குச் சாப்பாடு, இரவல் விளக்கு என்றார். அவருடைய மனைவி எனக்கு ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டார். மஞ்சள் சட்டை கொடியில் காய்ந்தது; புதுத் துணியை ஒருமுறை நனைத்துவிட்டுப் போடுவது அவர்கள் வழக்கமாம். அதைப் போட்டுக்கொள்ள வேண்டியவன் என்னைக் கண்டதும் கதவுக்குப் பின்னால் போய்விட்டான். தலையில் அடர்த்தியான முடி. மூன்று வருட முடி.

"சொல்லி அனுப்பிட்டாரா மொதலாளி?" என்று டிரைவர் கேட்டார். துணியைக் கீழே வைத்துவிட்டார். எழுந்திருக்கவும் தொடங்கிவிட்டார். "ஒரு நாள்தானா? சரி பாப்பா. சட்டைய மாத்திக்கினு வர்றேன்."

கொடியில் இருந்த சட்டையை அவர் மனைவி ஒருமுறை பார்த்தார்.

விலைச்சீட்டு என் பையில் இருந்தது. எடுத்து, அடியில் இருந்த வரியை மீண்டும் படித்தேன்.

"டயர் திங்கட்கிழமைதான் வருது. அதுவரைக்கும் அந்த வண்டியை எடுக்கக் கூடாது, நூல் தெரியுது. திங்கட்கிழமை வந்தா போதும்" என்றேன்.

"மொதலாளி சொன்னாரா?"

"ஆமாம்."

அவர் மறுபடி குந்தி உட்கார்ந்து விளக்கைத் துடைக்கத் தொடங்கினார். தெரு முனை வரை நடந்து, அங்கிருந்த மருந்துக் கடையிலிருந்து, சீக்கிரமே கடைக்குப் போயிருந்த அப்பாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். திங்கட்கிழமை என்று சொல்லிவிட்டேன், காரணம் டயர் என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் துணி கிழிபடும் சத்தம் மட்டும் கேட்டது. சரி என்றார் அப்பா.

முதல் வகுப்புக்குப் பதினோரு நிமிடம் தாமதமாகப் போனேன். தாமதமாக வருகிறவர்கள் கையெழுத்திட ஒரு நோட்டு உண்டு. அதில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில் 'டயர்' என்று எழுதிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.